இடுக்கைத் தேடும் காற்று

சன்ரூஃப் வைத்த காரில் இரண்டு விதமான காற்றுச் சத்தம் உண்டு. கூரை திறந்திருக்கும்போது வருவது ஒன்று, மூடியிருக்கும்போது வருவது இன்னொன்று. இரண்டையும் எழுப்புவது காற்றுதான் என்பதைத் தவிர அவற்றுக்குள் ஒட்டுறவு கிடையாது. பிறக்கும் விதம் வேறு, காதில் விழும் விதம் வேறு, வைத்தியமும் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல கார்களில் நல்ல ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது ரப்பர் போடுகிறார்கள். சத்தம் பழையபடியே இருக்கிறது, பில் மட்டும் புதிது.

திறந்த கூரையிலிருந்து தொடங்குவோம். மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். சன்ரூஃபை முழுதாகத் திறந்ததும் ‘தும் தும் தும்’ என்று ஓர் அதிர்வு காருக்குள் எழுகிறது. அதைக் கேட்கிறோம் என்பதைவிட உணர்கிறோம் என்பதே சரி. காது அடைத்து அடைத்துத் திறக்கிறது, நெஞ்சுக்கூடு அதிர்கிறது, பின்சீட்டில் இருக்கும் பாட்டி “தலை வலிக்குதுப்பா, அதை மூடு” என்கிறார். வேகத்தை 90க்கு ஏற்றினால் அதிர்வு மறைந்துவிடுகிறது. 40க்கு இறக்கினாலும் மறைந்துவிடுகிறது. வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடவேண்டும் என்ற நம் கணக்குக்கு இது ஒத்துவரவில்லை. துப்பு அங்கேதான் இருக்கிறது.

காலி பாட்டிலின் வாயில் பக்கவாட்டாக ஊதினால் ‘பூம்’ என்று ஒரு சுரம் வரும். பாட்டிலின் கழுத்தில் நிற்கும் காற்று எடைக்கல்லாகவும், வயிற்றில் அடைபட்ட காற்று ஸ்பிரிங்காகவும் வேலை செய்கின்றன. கழுத்துக் காற்றை உள்ளே அமுக்கினால் வயிற்றுக் காற்று அதை வெளியே தள்ளும். வெளியே போனது வேகத்தில் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட, உள்ளே அழுத்தம் குறைந்து மறுபடி இழுக்கும். இந்த ஊசலாட்டத்துக்கென்று ஒரே ஓர் அதிர்வெண் உண்டு. இதை முறையாக ஆராய்ந்தவர் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1821இல் பிறந்து, ராணுவ மருத்துவராகத் தொடங்கி, கண்ணையும் காதையும் துருவி, பிறகு இயற்பியல் பேராசிரியராக ஆனவர். ஒரு பக்கம் திறந்த வாயும் மறுபக்கம் காதில் செருகும் மூக்கும் கொண்ட உருண்டைக் கலங்களை வைத்து, கலந்து ஒலிக்கும் இசையிலிருந்து ஒவ்வொரு சுரத்தையும் தனியே பிரித்துக் கேட்டார். 1863இல் வெளிவந்த அவருடைய ஒலியியல் நூலில் இந்தக் கலங்களுக்குப் பெரிய இடம் உண்டு.

கூரை திறந்த கார் அப்படிப்பட்ட ஒரு கலம்தான். திறப்பு முன்பின்னாக 40 சென்டிமீட்டர், அகலத்தில் 75 சென்டிமீட்டர் என்று கொள்வோம். உள்ளே 3 கன மீட்டர் காற்று. ஹெல்ம்ஹோல்ட்ஸின் சூத்திரத்தில் இந்த அளவுகளைப் போட்டால் ஏறத்தாழ 24 ஹெர்ட்ஸ் வருகிறது. இந்தக் கணக்கு காரை விறைப்பான பெட்டியாக நினைத்துக்கொள்கிறது. நிஜக் காரில் கூரைத் தகடும் கதவும் கண்ணாடியும் கொஞ்சம் நெளிந்து கொடுப்பதால் ஸ்பிரிங் தளர்ந்து, சுரம் இன்னும் கீழே இறங்கி 20 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மனிதக் காதின் கீழ் எல்லையும் அதுதான். பாட்டி ‘சத்தம்’ என்று சொல்லாமல் ‘தலைவலி’ என்று சொன்னது துல்லியமான அளவீடு.

ஊதுவது யார்? கூரையை ஒட்டி வரும் காற்று திறப்பின் முன்விளிம்பில் பிடிமானத்தை இழக்கிறது. வெளியே ஓடும் காற்றுக்கும் உள்ளே நிற்கும் காற்றுக்கும் நடுவே ஒரு மெல்லிய அடுக்கு உண்டாகிச் சுழல்களாகச் சுருள்கிறது. ஒவ்வொரு சுழலும், வெளிக்காற்றின் வேகத்தில் பாதிக்குச் சற்று மேலான வேகத்தில், திறப்பைக் கடந்து பின்விளிம்பில் மோதுகிறது. மோதியதில் எழும் அழுத்தத் துடிப்பு முன்விளிம்புக்குத் திரும்பிப் போய், சரியான நேரத்தில் அடுத்த சுழலைக் கிள்ளிவிடுகிறது. போர் விமானங்களின் குண்டு அறைகளைத் திறக்கும்போது வந்த இதே தொல்லையை, பிரிட்டனின் ராயல் ஏர்கிராஃப்ட் எஸ்டாப்ளிஷ்மென்டில் ஆராய்ந்த ராசிட்டர் 1964இல் அதற்கு ஒரு சூத்திரம் தந்தார். அதை நம் 40 சென்டிமீட்டர் திறப்புக்குப் பொருத்தினால், சுழல்கள் நொடிக்கு 20 முறை வந்து மோதுவதற்குத் தேவையான காற்று வேகம் மணிக்கு ஏறக்குறைய 67 கிலோமீட்டர். அந்த வேகத்தில்தான் ஊதுபவரின் தாளமும் பாட்டிலின் சுரமும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. அதற்கு மேலே போனாலும் கீழே வந்தாலும் பூட்டு கழன்றுவிடுகிறது.

இந்த அதிர்வின் அழுத்தம் சாதாரணமாகவே 100 டெசிபலைத் தாண்டும். ஆனால் கைபேசியில் ஒரு டெசிபல் செயலியை வைத்துப் பார்த்தால், ‘ஒன்றுமில்லையே, 60தானே’ என்று அது சாதிக்கும். அந்தச் செயலிகள் பெரும்பாலும் காட்டும் அளவு, மனிதக் காதைப்போல் தாழ்சுரங்களைக் கழித்துவிடும் அளவு. 20 ஹெர்ட்ஸில் அந்தக் கழிவு மட்டும் 50 டெசிபல். கைபேசியின் மைக்கும் தன் பங்குக்குக் கொஞ்சம் விழுங்கும். எனவே திறந்த கூரையின் அதிர்வை அளக்கக் கைபேசியை நம்பாதீர்கள்.

இதற்கான வைத்தியம் மலிவானது, பெரும்பாலும் இலவசம். ஏதாவது ஒரு ஜன்னலை நான்கைந்து சென்டிமீட்டர் இறக்குங்கள். கலத்தில் இரண்டாவது ஓட்டை விழுந்ததும் உள்ளே அழுத்தம் சேர்வதற்கு வழியில்லாமல் போகிறது, சுரமும் இடம் மாறுகிறது. அல்லது சன்ரூஃபைப் பாதிவரை மட்டும் திறங்கள். திறப்பின் நீளம் பாதியானால், மேலே போட்ட கணக்குப்படி பூட்டிக்கொள்ளும் வேகம் 67இலிருந்து 30க்கும் கீழே இறங்கிவிடும். அந்த வேகத்தில் காற்றுக்குக் காரை அதிரவைக்கும் வலு இல்லை. பல கார்களில் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் கண்ணாடி கடைசிவரை போகாமல் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும், மறுபடி அழுத்தினால்தான் முழுதாகத் திறக்கும். மோட்டாரில் கோளாறு என்று சிலர் இதைச் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோகிறார்கள். கோளாறு இல்லை, அதிர்வு வராத இடம் எது என்று காற்றுச் சுரங்கத்தில் பார்த்து வைத்த நிறுத்தம் அது.

கூரையைத் திறந்ததும் முன்விளிம்பில் தானாக எழுந்து நிற்கும் பட்டை ஒன்று இருக்கும். சில கார்களில் அது பிளாஸ்டிக், சிலவற்றில் வலைத்துணி. காற்று அடுக்கைத் தூக்கிவிட்டுப் பின்விளிம்பில் மோதாமல் தாண்டவைப்பதும், சுழல்கள் ஒரே சீராக உருளாமல் சிதறடிப்பதும் அதன் வேலை. முன்பு இல்லாத அதிர்வு புதிதாக வருகிறது என்றால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். அதைத் தூக்கும் கைகளில் மண் சேர்ந்து இறுகியிருக்கும், ஸ்பிரிங் விட்டுப்போயிருக்கும், அல்லது வலை கிழிந்திருக்கும். சன்ரூஃப் வழியாகப் பிள்ளைகள் தலையை நீட்டி நின்றாலும் சுழல் கலைந்து அதிர்வு நின்றுவிடும். அதை வைத்தியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு திடீர் பிரேக் போதும், பிள்ளையின் கழுத்துக்கு ஆபத்து.

போகிறபோக்கில் ஒன்று. பின்கதவின் ஜன்னலை மட்டும் இறக்கினால் இதே அதிர்வு இன்னும் மோசமாக வரும். முன்ஜன்னலுக்கு எதிரே பக்கக் கண்ணாடியும் முன்தூணும் காற்றை முன்கூட்டியே கலைத்துவிடுகின்றன. பின்ஜன்னலுக்கு அந்த உதவி இல்லை.

மூடிய கூரை வேறு கதை. இங்கே அதிர்வு கிடையாது, சீறலோ விசிலோதான். இது வேகத்தோடு சேர்ந்து கூடிக்கொண்டே போகும், அதுவும் சாதாரணமாக அல்ல. பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில் 1952இல் காற்றோட்டம் எப்படி ஒலியைப் பிறப்பிக்கிறது என்பதற்கு ஒரு கோட்பாடு தந்தார். ஜெட் விமானங்களின் இரைச்சலைப் பற்றியது அது. 1955இல் கர்ல் என்பவர் அதைத் திடப்பொருளின் மேல் ஓடும் காற்றுக்கு விரித்தார். அதன்படி ஒலியின் வலு வேகத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுகிறது. 80 கிலோமீட்டரிலிருந்து 120க்குப் போனால் 10 டெசிபலுக்குச் சற்று மேலே கூடும். காதுக்கு அது இரு மடங்குச் சத்தம். ஊருக்குள் வாயே திறக்காத சன்ரூஃப் நாற்கரச் சாலையில் ஏறியதும் பேச ஆரம்பிப்பது இதனால்தான். மின்சாரக் கார் வாங்கியவர்கள் காற்றுச் சத்தத்தைப் பற்றி அதிகம் குறைப்படுவதற்கும் காரணம் உண்டு. சத்தம் கூடவில்லை. அதை மூடி மறைத்துக்கொண்டிருந்த இன்ஜின் போய்விட்டது.

மூடிய கூரையில் காற்று எப்படி நுழைகிறது என்று கேட்பதே தவறு. பெரும்பாலும் அது நுழைவதில்லை, வெளியேறுகிறது. முன்கண்ணாடியில் ஏறி வளைந்து கூரைக்கு வரும் காற்று அங்கே வேகம் பிடிக்கிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும். 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் உந்தழுத்தம் சதுர மீட்டருக்கு சுமார் 47 கிலோகிராம் எடைக்குச் சமம். அதில் பாதியளவு கூரையில் உறிஞ்சுதலாக வேலை செய்கிறது என்று வைத்தாலும், 0.4 சதுர மீட்டர் கண்ணாடியை 9 கிலோ விசை மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. புது ரப்பர் இதற்கு ஈடுகொடுக்கும். வருடக்கணக்கில் வெயிலில் வெந்து, அமுங்கிய வடிவத்திலேயே இறுகிப்போன ரப்பர் ஈடுகொடுக்காது. கண்ணாடி மயிரிழை அளவு எழும், உள்காற்று அந்த இடுக்கு வழியே சீறும். நின்றிருக்கும் காரில் எவ்வளவு பார்த்தாலும் அந்த இடுக்கு கண்ணில் படாது, ஏனென்றால் நிற்கும்போது அப்படி ஒன்று இல்லை.

விசில் என்பது சீறலிலிருந்து வேறுபட்டது. சீறலில் எல்லாச் சுரமும் கலந்திருக்கும். விசிலில் ஒன்றே ஒன்று. ஒரு கூர்விளிம்போ மெல்லிய கம்பியோ காற்றைச் சீராக வெட்டுகிறது என்று அர்த்தம். கம்பிகளில் காற்று பாடுவதை 1878இல் அளந்த செக் இயற்பியலாளர் வின்சென்ட்ஸ் ஸ்ட்ரோஹல் கண்ட விதி எளிமையானது. காற்றின் வேகத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்தால் சுரம். 100 கிலோமீட்டர் வேகத்தில் 4 மில்லிமீட்டர் ஏரியல் கம்பி 1400 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் விசிலடிக்கும். 25 மில்லிமீட்டர் கேரியர் குழாய் 220 ஹெர்ட்ஸில் முனகும். கார் ஏரியலில் திருகுபோல ஒரு சுற்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக அல்ல, சுழல்கள் கம்பி முழுவதும் ஒரே நேரத்தில் உதிராமல் தடுக்க. சன்ரூஃபின்மேல் பழி விழுந்த எத்தனையோ விசில்களின் உண்மையான சொந்தக்காரர்கள் ஏரியலும் கேரியரும் முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையும்தான்.

ஆகவே ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் சத்தத்தின் விலாசத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். காற்று குறைவான நாளில், போக்குவரத்து இல்லாத ஒரே நீளச் சாலையில், ஒரே வேகத்தில் போய்வாருங்கள். இரு திசையிலும் போகவேண்டும். 20 கிலோமீட்டர் எதிர்காற்றில் 90இல் போகும் காருக்குக் காற்று 110இல் வீசுகிறது, திரும்பி வரும்போது 70தான். திசை மாறியதும் சத்தமும் மாறினால் அது காற்றுச் சத்தம் என்பது உறுதி. தார்ச்சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு மாறும்போது மாறினால் அது டயர். பள்ளத்தில் ஏறி இறங்கும்போது மட்டும் வரும் கிறீச்சொலி கண்ணாடி ஓடும் தண்டவாளத்தினுடையது, அதற்குக் காற்றைக் குறை சொல்லக்கூடாது. கேட்பவர் ஓட்டுநராக இருக்கக்கூடாது என்பது இந்தச் சோதனையின் முதல் விதி.

அடுத்தது டேப். பெயின்டர்கள் ஒட்டும் காகித மாஸ்கிங் டேப்பே போதும், விலையும் குறைவு. கண்ணாடிக்கும் கூரைக்கும் இடையிலுள்ள கோட்டை நான்கு பக்கமும் ஓட்டையில்லாமல் ஒட்டிவிட்டு அதே சாலையில் அதே வேகத்தில் போங்கள். சத்தம் அப்படியே இருந்தால் சன்ரூஃப் நிரபராதி. டேப்பை முன்கண்ணாடி விளிம்புக்கும், பக்கக் கண்ணாடியின் அடிக்கும், கதவின் மேல் கோட்டுக்கும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் முதலில் பின்விளிம்பு டேப்பை உரியுங்கள், பிறகு இரு பக்கங்கள், கடைசியாக முன்விளிம்பு. எதை உரித்ததும் சத்தம் திரும்புகிறதோ அதுவே இடம். இதைவிடச் சிறந்த கருவி கார் கம்பெனிகளிடம் இருக்கிறது: ஒலியில்லாத காற்றுச் சுரங்கமும், நூற்றுக்கும் மேற்பட்ட மைக்குகளை வரிசையாக வைத்துச் சத்தம் பிறக்கும் இடத்தைப் படமாகவே காட்டும் அமைப்பும். நமக்கு டேப் போதும். சோதனை முடிந்த அன்றே உரித்துவிடுங்கள், வெயிலில் விட்டால் பசை பெயின்டோடு ஒட்டிக்கொள்ளும்.

நின்ற காரிலும் கொஞ்சம் துப்பறியலாம். எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றி, ஏ.சி.யை வெளிக்காற்று எடுக்கும் நிலையில் வைத்து, ஃபேனை முழு வேகத்துக்குத் திருப்பினால் உள்ளே அழுத்தம் லேசாகக் கூடும். வெளியே ஊதுபத்தியை ரப்பர் கோட்டுக்கு மேல் மெதுவாக நகர்த்துங்கள். கசியும் இடத்தில் புகை கலையும். ஒரு தாளைக் கண்ணாடிக்கும் கூரைக்கும் நடுவே வைத்து மூடி இழுத்துப் பார்ப்பதும் நல்ல முறை. சுற்றிலும் ஒரே அளவு இறுக்கம் இருக்கவேண்டும், வழுக்கிக்கொண்டு வரும் இடம் சந்தேகத்துக்குரியது. உள்ளே இருக்கும் திரையை மூடியதும் சத்தம் குறைகிறதே, சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. திரை சத்தத்துக்குப் போர்வை போர்த்துகிறது, அவ்வளவுதான்.

குற்றவாளி சன்ரூஃப் என்று தெரிந்தபின் ரப்பருக்கு முன்னால் பார்க்கவேண்டியது உயரம். என் கணிப்பில் மூடிய கூரைச் சத்தத்தில் மிக அதிகமாகக் கவனிக்கப்படாமல் போவது இதுதான். பல நிறுவனங்களின் பழுதுநீக்கக் கையேடுகள் சொல்லும் அளவு ஏறக்குறைய ஒன்றே: கண்ணாடியின் முன்விளிம்பு கூரைக்குச் சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தோ இருக்கலாம், பின்விளிம்பு சமமாகவோ ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தோ இருக்கலாம். காற்று முன்னாலிருந்து வருவதை நினைத்தால் காரணம் புரியும். முன்விளிம்பு உயர்ந்தால் காற்றுக்கு எதிரே சுவர் எழும்பிவிடுகிறது. மோதிப் பிரிந்து இரைகிறது. தாழ்ந்தால் அது இறங்கும் படிதான், காற்று அவ்வளவாக முரண்டு பிடிக்காது. பின்விளிம்பிலும் அதே நியாயம்: அங்கே கண்ணாடி தாழ்ந்தால் கூரைத் தகட்டின் விளிம்பே சுவராகிவிடும். ஒரு இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். திருத்துவதும் பெரிய வேலை அல்ல. பக்கவாட்டு மறைப்பைக் கழற்றினால் இரு புறமும் நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள் இருக்கும். தளர்த்தி, கண்ணாடியைக் கையால் அமுக்கியோ தூக்கியோ வைத்து, மறுபடி இறுக்கவேண்டும். பலமுறை திறந்து மூடியபின் மீண்டும் அளக்கவேண்டும், ஏனென்றால் இறுக்கும்போதே கண்ணாடி நகரும். உங்கள் காருக்கான சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கிறது, அதையே பின்பற்றுங்கள்.

பேட்டரியை மாற்றிய மறுநாளிலிருந்து சத்தம் வந்தால் ஸ்க்ரூவைக்கூடத் தொடவேண்டாம். மின்சாரம் போனதில் மோட்டார் தன் ‘மூடிய நிலை’யை மறந்திருக்கும், கண்ணாடி கடைசித் துளி தூரம் போகாமல் நின்றிருக்கும். பொத்தானை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்து மறுபடி கற்றுக்கொடுக்கும் முறை பல கார்களில் உண்டு. அதேபோல் கூரை திறக்கும்போது எழும் அந்த முன்பட்டை, மண் சேர்ந்ததால் சரியாக மடங்காமல் கண்ணாடிக்கு அடியில் மாட்டிக்கொண்டு முன்விளிம்பைத் தூக்கிப் பிடித்திருக்கலாம். ஒரு துணியும் தண்ணீரும் அந்த வேலையை முடித்துவிடும்.

கடைசியில்தான் ரப்பர். இதில் பெரும்பாலும் பயன்படுவது ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும், பெட்ரோலிய எண்ணெயைத் தாங்காது; ஊறி உப்பிவிடும். கதவுக் கீலுக்குப் போடும் கிரீஸையும் துரு நீக்கும் ஸ்ப்ரேயையும் அதில் அடிப்பது வைத்தியம் அல்ல, கொலை. ஈரத்துணியால் மண்ணைத் துடைத்து, காய்ந்தபின் சிலிகான் கிரீஸை விரலால் மெல்லியதாகத் தடவினால் போதும். இறுகிக் காய்ந்த ரப்பர் ஓரளவு உயிர் பெறும், கிறீச்சொலியும் போகும். விரலால் அமுக்கி விட்டால் எழாத ரப்பரை மட்டும் மாற்றுங்கள்.

இடுக்கில் சிலிகான் பேஸ்டை அடைத்துத் தரும் பட்டறைகளும் இருக்கின்றன. அதற்கு மட்டும் இணங்காதீர்கள். சன்ரூஃப் ரப்பர் தண்ணீரை முழுதாகத் தடுக்கவேண்டும் என்று யாரும் வடிவமைக்கவில்லை. கசிந்து வருவதைக் கண்ணாடிக்கு அடியிலுள்ள தொட்டி வாங்கிக்கொள்ளும், மூலைகளிலிருந்து கிளம்பும் குழாய்கள் தூண்களுக்குள் இறங்கி வெளியே விடும். பேஸ்ட் அந்தக் குழாய் வாய்க்குள் போனால் அடுத்த மழையில் தண்ணீர் கூரைத் துணியில் இறங்கும். சத்தத்துக்காகக் கண்ணாடியைத் தொட்ட அன்றைக்கே ஒரு குவளைத் தண்ணீரைத் தொட்டியின் முன்மூலைகளில் மெதுவாக ஊற்றிப் பாருங்கள். சற்று நேரத்தில் அது காருக்கு அடியில் சொட்டவேண்டும். சொட்டாவிட்டால் குழாயை வளையும் நைலான் கம்பியால் பதமாகச் சுத்தம் செய்யுங்கள். கம்ப்ரஸர் காற்றை அடிக்கவேண்டாம். தூணுக்குள்ளே குழாய் மூட்டிலிருந்து கழன்றுவிட்டால், அதை மாட்டக் கூரைத் துணியையே இறக்கவேண்டி வரும்.